பந்து போட்டால் வேலை

ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய திருவல்லிக்கேணிக்காரர். 1936-ல் எம்.ஜே.கோபாலன் எடுத்த முடிவைப் பிழை என்றுதான் இன்றுவரை எழுதுகிறார்கள். பிழைதானா?

புதுச்சேரி முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. மில் மைதானத்தில் காலை ஆறரை மணி. அரைச் செங்கல் ஒன்றைத் தரையில் வைத்துவிட்டு, பதினாலு அடி பின்னால் எண்ணிப் போய், செருப்பு நுனியால் கோடு கிழிக்கிறான் ஒரு பையன். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அடிப்பாகம் பிளந்து டேப் சுற்றிய ஷூவை மாட்டிக்கொள்கிறான். ஓடி வருகிறான். பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து இன்னும் வெளியே போகிறது. மட்டையை நீட்டியவன் காற்றைத்தான் அடித்தான்.

மைதான ஓரத்தில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் சாய்ந்தபடி பையனின் அப்பா. பயிற்சியாளர் தண்ணீர் குடிக்க வந்த நேரம் பார்த்துக் கேட்டார்: "சார், நல்லாத்தான் போடறான்னு சொல்றாங்க. இதுல போனா வேலை எதனா கெடைக்குமா?"

"ரயில்வே இருக்கு, பேங்க் இருக்கு, ஸ்போர்ட்ஸ் கோட்டா வரும். மொதல்ல ஸ்டேட் ஆடட்டும்ணா, பாப்போம்."

அப்பாவுக்கு அந்த 'பாப்போம்' பிடிக்கவில்லை. முகத்தில் தெரிந்தது.

அவர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. கடலூர் சாலையில் வளர்ந்தவர்களுக்கு ஆட்டம் வேறு, பிழைப்பு வேறு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் இந்த ஊர்ப் பையனுக்குப் பிழைக்க இரண்டு வழி: மில்லுக்குப் போவது, அல்லது பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து 'சொல்தா' ஆவது. சொல்தா வீட்டுக்கு பென்ஷன் இன்றும் வருகிறது. மில் 2020-ல் ஒரேயடியாக மூடிவிட்டது. மிச்சம் இருப்பது மைதானத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த மூன்றெழுத்து.

ஆனால் அந்தக் கேள்விக்கு வயது நூறு ஆகப்போகிறது. தமிழ்நாட்டில் அதற்கு முதலில் 'கிடைக்கும்' என்று பதில் வாங்கியவர்களில் ஒருவர் மோரப்பாக்கம் ஜோசியம் கோபாலன்.

*

1909 ஜூன் 6. செங்கல்பட்டு மாவட்டம் மோரப்பாக்கத்தில் பிறப்பு; பிறகு குடும்பம் திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது. திருவல்லிக்கேணியிலிருந்து சேப்பாக்கத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அந்தக் காலத்துச் சேப்பாக்கம் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் இடம், வெள்ளைக்காரர்களின் கிளப். உள்ளூர்க்காரர்கள் அதில் பெருமையாக நுழைய வருஷத்துக்கு ஒரு வாய்ப்புதான். பொங்கலை ஒட்டி நடக்கும் பிரசிடென்சி மேட்ச். இந்தியர் ஒரு பக்கம், ஐரோப்பியர் ஒரு பக்கம். ஊர் அதைப் பொங்கல் மேட்ச் என்றே சொன்னது.

ஐரோப்பியர் பக்கம் முன்னால் நின்றவர் சி.பி.ஜான்ஸ்டன். கேம்பிரிட்ஜில் படித்தவர், கென்ட் கவுன்ட்டிக்கு ஆடியவர், மெட்ராஸில் எண்ணெய் கம்பெனி அதிகாரி. திருவல்லிக்கேணிப் பையன் ஒருவன் வலக்கையால் வேகமாகப் போட்டு, பந்தை மட்டைக்காரனிடமிருந்து வெளியே வளைப்பது இவர் கண்ணில் பட்டது. பர்மா ஷெல்லில் கோபாலனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்.

கோபாலன் பற்றிய கட்டுரைகள் எல்லாம் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு இங்கேதான் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. வேலை கொடுத்த கம்பெனியின் மேலதிகாரியும் இவரே. மெட்ராஸ் அணியின் கேப்டனும் இவரே. காலையில் ஆபீசில் 'யெஸ் சார்' சொன்ன ஆளிடமிருந்துதான் சாயங்காலம் புதுப் பந்தை வாங்க வேண்டும். ஜான்ஸ்டன் நல்ல மனிதர் என்பதிலோ, மெட்ராஸ் கிரிக்கெட்டுக்கு அவர் செய்ததிலோ சந்தேகம் இல்லை. ஆனாலும் கோபாலனுடைய சோறும் ஆட்டமும் ஒரே கையில் இருந்தன.

அன்றைக்கு இங்கிலாந்தில் இதற்கு வெளிப்படையான கணக்கு உண்டு. காசு வாங்காமல் ஆடுபவர் 'ஜென்டில்மேன்', கூலிக்கு ஆடுபவர் 'பிளேயர்'. ஸ்கோர் அட்டையில்கூட ஜென்டில்மேனுக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், பிளேயருக்குப் பின்னால். 1962 வரை இந்தப் பந்தி வஞ்சனை இருந்தது. இந்தியாவில் கூலி என்ற சொல்லைப் பெரும்பாலும் வாயால் சொல்லவில்லை. பல்வங்கர் பாலு என்ற தலித் பந்துவீச்சாளர் புனேயில் பிட்ச் பராமரிக்க மாசம் மூன்று ரூபாயில் தொடங்கி, பூனா கிளப்பில் நாலு ரூபாய்க்கு வெள்ளைக்காரர்களுக்கு வலையில் பந்து போட்டார். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர் அவர். அடுத்த தலைமுறைக்கு மகாராஜாக்களின் தயவு, ரயில்வே, கம்பெனி. ஆடுவதற்குச் சம்பளம் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடலாம். நம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவின் தாத்தா இதுதான்.

*

கடலைத் தாண்டி ஒரு எட்டு போய் வரலாம்.

கோபாலனைவிட நான்கு வயது இளையவர் மெல் அல்மாடா. மெக்சிகோவில் சொனோரா மாநிலத்து ஊவாட்டபாம்போவில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சலீஸ் போனவர். பேஸ்பால் ஆட்டக்காரர். 1933 செப்டம்பர் 8 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் களமிறங்கினார். அமெரிக்க மேஜர் லீகில் ஆடிய முதல் மெக்சிகோக்காரர். அடுத்த நான்காவது மாதம் கல்கத்தாவில் கோபாலன் டெஸ்ட் தொப்பி போடுகிறார். ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு பேரும் அவரவர் ஆட்டத்தின் பெரிய வாசலுக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

அல்மாடா அப்பட்டமான கூலி ஆட்டக்காரர். ஒப்பந்தம், சம்பளம், எல்லாம் எழுத்தில். ஆனால் எழுதியவன் கிளப்காரன். ஒரு முறை கையெழுத்துப் போட்டால் ஆட்டக்காரர் தானாக வேறு கிளப்புக்குப் போக முடியாது. கிளப் அவரை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். 1937-ல் பாஸ்டன் அவரை வாஷிங்டனுக்குக் கொடுத்தது. 1938-ல் வாஷிங்டன் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தது. அங்கே போய்த் தொடர்ச்சியாக 29 ஆட்டங்களில் ஹிட் அடித்தார் மனிதர். மறு வருஷமே புரூக்ளின். அதோடு மேஜர் லீக் முடிந்தது. ஏழு சீசன், நாலு ஊர். பிறகு மெக்சிகோ திரும்பி அங்கே ஆடினார். அந்த நாட்டு பேஸ்பால் புகழ்மண்டபத்தில் இன்று அவர் பெயர் இருக்கிறது.

சந்தையில் மாடு கைமாறுவது மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒன்று: அல்மாடாவுக்கு எதற்காகச் சம்பளம் என்று எல்லோருக்கும் தெரியும். பந்தை அடிப்பதற்கு. கோபாலனுக்குச் சம்பளம் மண்ணெண்ணெய் விற்கும் கம்பெனியின் கணக்கில்.

*

1934-க்கு வருவோம். கோபாலனின் வருஷம் என்று சொல்லத்தக்கது அதுதான். அந்த ஒரே வருஷத்தில் ஏற்றமும் இறக்கமும் இருக்கின்றன.

ஜனவரி 5, ஈடன் கார்டன்ஸ். எதிரில் இங்கிலாந்து கேப்டன் டக்ளஸ் ஜார்டின். முந்தைய வருஷம்தான் ஆஸ்திரேலியாக்காரர்களின் விலா எலும்பைக் குறிவைத்துப் பந்து போடச் சொல்லி இரு நாட்டு உறவையே ஆட்டிவிட்டு வந்தவர். சி.கே.நாயுடுவின் அணியில் அன்று புதுமுகங்கள் நான்கு பேர்: திலாவர் உசேன், முஷ்டாக் அலி, சி.எஸ்.நாயுடு, கோபாலன். கோபாலன் முதல் இன்னிங்ஸில் 11 ரன், ஆட்டமிழக்கவில்லை. இரண்டாவதில் 7. 39 ரன் கொடுத்து ஒரு விக்கெட். ஆட்டம் டிரா.

அடுத்த டெஸ்ட் எங்கே? மெட்ராஸில். பிப்ரவரி 10, சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் போட்டி. திருவல்லிக்கேணியே திரண்டு போகக்கூடிய தூரம். அணியில் கோபாலன் இல்லை.

அவர் அன்றைக்கு எங்கே இருந்தார், கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தாரா, ஆபீசுக்குப் போனாரா என்று கற்பனை செய்து பார்க்கக்கூட எனக்கு மனசு வரவில்லை. அமர் சிங் அங்கே ஒரே இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்தார். இருந்தும் இந்தியா 202 ரன்னில் தோற்றது. கோபாலனுக்கு இரண்டாவது டெஸ்ட் வரவேயில்லை. டெஸ்ட் கணக்கில் அவர் பெயருக்கு நேரே இன்றும் 18 ரன், ஒரு விக்கெட்.

சேப்பாக்கம் அவருக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தது நவம்பர் 4-ல். முந்தைய வருஷம் இறந்துபோன ரஞ்சித்சிங்ஜியின் பெயரில் புதிதாக ஒரு தேசியப் போட்டி. முதல் ஆட்டம் மெட்ராஸுக்கும் மைசூருக்கும். கேப்டன் ஜான்ஸ்டன் பந்தை கோபாலன் கையில் கொடுத்தார். எதிரில் மைசூர் அணிக்காக கர்டிஸ் என்ற வெள்ளைக்காரர். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்து அது.

ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ஒரே நாளில் என்றால் நான்கு நாள் ஆட்டத்தை இருபது ஓவராகச் சுருக்கிய இந்தக் காலத்துக் கதை இல்லை. மூன்று இன்னிங்ஸ் முழுதாக ஆடி முடித்தார்கள். மைசூர் 48. மெட்ராஸ் 130. மறுபடி மைசூர் 59. இன்னிங்ஸும் 23 ரன்னும். அன்றைய நாயகன் ஏ.ஜி.ராம் சிங். 35 ரன் கொடுத்து 11 விக்கெட். மெட்ராஸில் வாழ்ந்த சீக்கியர். அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் கிருபாலும் மில்காவும் அந்தக் குறையைத் தீர்த்தார்கள்.

முதல் பந்து என்பது பெருமைதான், ஆனால் அது திறமைக்கு அளவுகோல் இல்லை. யாரோ ஒருவர் போட்டுத்தானே ஆக வேண்டும்? கோபாலனின் உண்மையான கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது: முதல்தர ஆட்டங்கள் 78, விக்கெட் 194. வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே முதல்தர ஆட்டம் கிடைத்த காலத்தில், 1920-களிலிருந்து 1950-கள் வரை நீண்ட கணக்கு அது.

*

இவ்வளவுக்கும் நடுவில் ஹாக்கி.

நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 1935-ல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போனது. கேப்டன் தியான் சந்த். 48 ஆட்டங்கள், அடித்த கோல் 584. அதில் 201 தியான் சந்த் அடித்தது. அந்த அணியில் கோபாலன் இருந்தார். அவர் இடம் சென்டர் ஹாஃப். முன்னால் தியான் சந்த், பின்னால் தடுப்பாட்டக்காரர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இடம். பந்துவீச்சாளரின் நுரையீரல் அங்கே உதவியிருக்கும்.

அடுத்த வருஷம் பெர்லினில் ஒலிம்பிக். அதே கோடையில் இந்திய கிரிக்கெட் அணிக்கு இங்கிலாந்துப் பயணம். இரண்டில் ஒன்று. கோபாலன் ஹாக்கித் தேர்வுக்குப் போகவில்லை. கிரிக்கெட் அணியோடு கப்பல் ஏறினார்.

அந்தப் பயணம் இந்திய கிரிக்கெட்டின் கோமாளித்தனமான அத்தியாயம். கேப்டன் விஜயநகரம் மகாராஜகுமார், விஸி என்பார்கள். பணத்தாலும் செல்வாக்காலும் கேப்டனானவர். நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை ஒழுங்கு நடவடிக்கை என்று பாதியில் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கோபாலன் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தார். மூன்று டெஸ்டில் ஒன்றிலும் இடமில்லை.

அதே அணியில் மெட்ராஸ்காரர் இன்னொருவர்: கோட்டா ராமசாமி. அவரும் இரண்டு விளையாட்டில் இந்தியாவுக்கு ஆடியவர். 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ். தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லும் புச்சிபாபு நாயுடுவின் மகன். நாற்பது வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 எடுத்தார். கோபாலனுக்கு வயது 27; வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். (ராமசாமியின் கதையின் முடிவு தனிக் கட்டுரைக்கு உரியது. 1985-ல் ஒருநாள் சென்னையில் வீட்டைவிட்டு வெளியே போனார். திரும்பவில்லை. இன்றுவரை தகவல் இல்லை.)

மான்செஸ்டர் டெஸ்ட் ஜூலை 28-ல் முடிந்தது. விஜய் மெர்ச்சன்ட்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 எடுத்து அணியைக் காப்பாற்றிய ஆட்டம். அந்தத் தேதியைப் படிக்கும்போது எங்கள் ஊர்க்காரனுக்கு அடுத்த தேதிதான் நினைவுக்கு வரும். இரண்டே நாள் கழித்து, 1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய புதுச்சேரி மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். வ.சுப்பையா தலைமையில் நடந்த போராட்டம்; ஒவ்வொரு ஜூலை 30-க்கும் கடலூர் சாலையில் இன்றும் மாலை போடுகிறார்கள். மறு வருஷம் எட்டு மணி நேரம் சட்டமானது.

ஆகஸ்ட் 12-ல் பெர்லினில் நடந்த அரையிறுதியில் நம் ஹாக்கி அணி பிரான்ஸை 10-0 என்று அடித்தது. முதலியார்பேட்டையில் அன்றைக்குத் துக்கம் கலையாத வீடுகளுக்கு அந்தச் செய்தி எட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பேன். ஆகஸ்ட் 15-ல் இறுதி ஆட்டம்: ஜெர்மனி 1, இந்தியா 8. தங்கம். அதே ஆகஸ்ட் 15-ல் லண்டன் ஓவலில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. கோபாலன் அங்கேயும் பெவிலியனில்தான்.

ஒரு கையில் ஒலிம்பிக் தங்கம் போனது, மறு கையில் ஒன்றும் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் 'ஐயோ' என்கிறார்கள்.

நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஏப்ரலில் கப்பல் ஏறும்போது ஆகஸ்டில் என்ன நடக்கும் என்று எவனுக்குத் தெரியும்? அவருக்கு அன்று தெரிந்தது இவ்வளவுதான்: வேலை வாங்கித் தந்தது கிரிக்கெட். வேலை தந்தவர் கிரிக்கெட் கேப்டன். ஊரில் மதிப்பு, கிளப்பில் இடம், பொங்கல் மேட்ச், ரஞ்சி எல்லாம் அந்தப் பக்கம். ஹாக்கி அவருக்கு நியூசிலாந்தைக் காட்டியது. சம்பள நாளில் அது வாசலுக்கு வரவில்லை. ஜான்ஸ்டன் வாயைத் திறந்து 'கிரிக்கெட்டுக்குப் போ' என்று சொல்லியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு கம்பெனி ஊழியர் எடுக்கும் முடிவைத்தான் அவர் எடுத்தார். பிற்காலத்தில் நாம் கையில் பதக்கப் பட்டியலை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வது சுலபம்.

*

பிறகு மெட்ராஸுக்குக் கேப்டனாக இருந்தார், தேசியத் தேர்வாளராகவும். இலங்கைக்கும் மெட்ராஸுக்கும் வருஷா வருஷம் நடந்த போட்டிக்கு 1952-53 முதல் அவர் பெயர்தான்: கோபாலன் கோப்பை. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி வரப் பல பத்தாண்டுகள் இருந்த காலத்தில், அந்நாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தவறாமல் கிடைத்த முதல்தரப் போட்டி அது. உயிரோடு இருக்கும்போதே கோப்பைக்குப் பெயராகிவிட்டவர்கள் எத்தனை பேர்? பர்மா ஷெல்லை 1976-ல் அரசு எடுத்துக்கொண்டது; பிறகு அது பாரத் பெட்ரோலியம் ஆனது. அந்தக் கம்பெனி இன்றைக்கும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுக்கிறது.

எங்கள் ஊருக்கு ரஞ்சி வந்து சேர்ந்தது 2018-19-ல், கோபாலனின் முதல் பந்துக்கு 84 வருஷம் கழித்து. பிரான்ஸிடமிருந்து கால்பந்தும் பெத்தாங்க் குண்டும் வாங்கிக்கொண்ட ஊர் இது. கிரிக்கெட்டில் கொஞ்சம் தாமதம். முதல் சீசனில் அபிஷேக் நாயர், பங்கஜ் சிங், பரஸ் டோக்ரா என்று வெளியூர்க்காரர்களைக் காசு கொடுத்து அழைத்து வந்தோம். ரஞ்சி வட்டாரத்தில் இப்படி வருபவர்களுக்கு 'புரொஃபஷனல்' என்று பெயர். ஜான்ஸ்டன் காலத்தில் முணுமுணுக்க வேண்டியிருந்த சொல், இப்போது விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அர்த்தம்தான் மாறிவிட்டது: இன்று அது வெளியூர்க்காரரைக் குறிக்கும் சொல். உள்ளூர்ப் பையன், டேப் சுற்றிய ஷூக்காரன், இன்னும் 'பாப்போம்'தான்.

2003 அக்டோபர் 31-ல் லிண்ட்சே வெயர் என்ற முதியவர் இறந்துபோனார். அவர் போனதும், பதிவேட்டின்படி உலகில் உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் மூத்தவர் கோபாலன். ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர். வெயர் நியூசிலாந்துக்காரர், கோபாலன் தியான் சந்தோடு ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு சுற்றிய நாடு அது. அந்தப் பட்டம் அவரிடம் ஏழு வாரம் இருந்தது. டிசம்பர் 21-ல், 94-ம் வயதில், சென்னையில் இறந்தார்.